இரண்டு பக்கமும் கைதட்டுகிறவள்

1
இந்தக் கதை என்னுடைய ஒரு தவறான கைதட்டலில் பிறந்தது. தங்கை மகன் கால்பந்து ஆடுகிறான் என்று மைதானத்துக்குப் போனவள், எந்தச் சட்டை யாருடையது என்று தெரியாமல், எதிரணி கோல் போட்டதும் எழுந்து நின்று தட்டிவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் பார்வையாலேயே வறுத்தெடுத்தார்கள். நடு வரிசையிலிருந்த ஒரு பெண்மணி நகர்ந்து இடம் விட்டார்.

"இங்க வந்து உக்காருங்க. ரெண்டு பேருக்கும் தட்டலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அவருக்கு நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்காகத்தான் இது.

2
முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "தனிமை அவளை மாலைதோறும்..."

(வேண்டாம். தனிமை என்று எழுதினாலே என் வாசகிகள் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள்.)

மறுபடியும். அந்த நடு வரிசைக்காரிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க "மேல் வரி தெரியுதா? கீழ் வரி?" என்று கேட்பவள். கணவர் போனபின் ஞாயிற்றுக்கிழமை வீடு அவளைக் கடித்துத் தின்ன வந்தது. கடைக்கு எதிரே மைதானம். சும்மா நுழைந்தாள். யார் தோற்றாலும் அவளுக்கு நஷ்டமில்லை. நல்ல ஆட்டம் எந்தக் காலிலிருந்து வந்தாலும் அவளுக்கு லாபம். நான்கு வருடமாக அவளைத் தூக்கி நிறுத்தியது, பேர்கூடத் தெரியாத இருபத்திரண்டு பேர்.

3
மகள் ஒருநாள் தன் காதல் விஷயத்தை உடைத்தாள்.

"அவர் கோல்கீப்பர்மா. இந்த வாரம் உங்க மைதானத்துலதான் ஆட்டம். பாத்துட்டு சொல்லுங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

"எனக்குக் கண்ணு பாக்கத் தெரியும்டி. மாப்பிள்ளை பாக்கத் தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதான். பவர் சரியா இருக்கான்னு பாருங்க, போதும்."

அன்று அவள் நடு வரிசையில் உட்காரவில்லை. அவன் காத்த கோல் வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

4
கடைசி நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. பந்து அவன் கையிலிருந்து நழுவிக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ளே உருண்டது. பாய்ந்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஆட்கள் மறைத்ததில் நடுவருக்குத் தெரியவில்லை.

"உள்ள போச்சா?"

"போகல சார்."

(முந்தைய வரைவில் அவன் கையைத் தூக்கி, "போச்சு சார்" என்றான். கதை அப்படியே கல்யாண மண்டபம் வரை வழுக்கிக்கொண்டு போனது. நானே நம்பவில்லை, அடித்துவிட்டேன்.)

இரண்டு கேப்டன்களும் சேர்ந்து சொன்னார்கள்: "வலைக்குப் பின்னாடி அக்கா இருக்காங்க, கேளுங்க சார். அவங்க யார் பக்கமும் இல்ல."*

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது. 'போகல' என்று சொன்னால் போதும். மகளின் காதலன் தலைநிமிர்ந்து வெளியே வருவான்.

"உள்ள போச்சு தம்பி. முழுசா" என்றாள் நடுவரிடம்.

"அக்கா, போய் முதல்ல கண்ணாடியை மாத்துங்க!" என்று கத்தினான் அவன்.

* விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. அந்த மைதானத்தில் உண்டு.

5
ஆட்டம் முடிந்ததும் அவன் வாசலில் வழிமறித்து நின்றான்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. எனக்கும் தெரியும். எங்க ஆளுங்க எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தாங்களா, வாய் வரல."

"கத்த மட்டும் வந்துச்சே."

"வந்துச்சு." தலையைச் சொறிந்தான். "நீங்க விட்டிருந்தா, தோக்காம தப்பிச்சு வீட்டுக்குப் போயி சோறு இறங்கியிருக்காது. ரொம்ப நன்றிக்கா."

பொய் சொன்னவனும் இவன்தான். தோற்ற கையோடு வந்து நன்றி சொன்னவனும் இவன்தான். எதை எடுத்துக்கொள்வது? தான் யாரென்று அவள் சொல்லவில்லை. "போய்ட்டு வாப்பா" என்று மட்டும் சொல்லி நடந்தாள்.

கைப்பையில் போன் அதிர்கிறது. மகள்.

"பாத்தீங்களா? சொல்லுங்கம்மா."

நான் எழுதினால் "சரி" என்றுதான் எழுதுவேன்; இருபது நாவல்களின் பழக்கம். என் மனம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது, நான் சாட்சிக்கு ஆக மாட்டேன். படிக்கிற நீங்கள் அந்த இரண்டு பேருக்கும் உறவில்லை. எல்லாவற்றையும் வலைக்குப் பின்னாலிருந்தே பார்த்தீர்கள்.

சொல்லுங்கள். போனில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள்.