இராயப்பர் நிலத்தைப் பார்க்கிறார்

1.

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வியில் பிறந்தது. அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்து என்னைக் கேட்க வேண்டாம்.

கேள்வி இது: "உங்கள் படைப்புக்குத் தூண்டுதலாக அமைந்த அனுபவம் எது? (இழப்பு / இடப்பெயர்வு / வறுமை / பிற)"

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கலை மன்றம். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் ஒரு சிற்பக் கண்காட்சி வைத்தார்கள். அதில் தெரிவாகும் ஒருவருக்குக் கொழும்பில் ஒரு சிற்பக்கூடத்தில் ஒரு வருடம் தங்கிப் படிக்க இடம். நான் அந்த மன்றத்தில் எழுத்து வேலைக்கு இருந்தேன். விண்ணப்பித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 'இழப்பு' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் 'பிற' என்பதற்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் ஒரு சொல் எழுதியிருந்தாள்.

"டவர்."

அவள் பெயர் டினுஷா.

2.

தொடக்கங்கள். எல்லாம் நான் எழுதி எறிந்தவை.

அ) வாவியின் நீலத்தில் தன் கண்ணீரைக் கரைத்தவள் டினு— [சீ.]

ஆ) மீன் பாடும் இந்த மண்ணில் பிறந்த ஒவ்வொரு கலைஞருக்குள்ளும்— [எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள், எந்தக் கலைஞருக்குள்ளும் மீன் பாடவில்லை. இந்த வசனத்தை எங்கள் ஊர் மேடைகளில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.]

இ) டினுஷாவுக்குக் கழுத்து வலி.

மூன்றாவது நல்லது. அதை வைத்துக்கொள்கிறேன்.

3.

டினுஷாவுக்குக் கழுத்து வலி. அதற்குக் காரணம் இராயப்பர்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அவளுடையது. மீன்பிடிக்கிறவர்களின் ஊர் என்பதால் கோயிலும் இராயப்பருக்கு, வலை வீசிக்கொண்டிருந்த புனித பேதுருவுக்கு. திருநாளன்று அவருடைய சொரூபத்தைக் கூட்டில் ஏற்றி, எட்டுப் பேர் தோளில் தூக்கி, வாவிக்கரை ஒழுங்கையால் சுற்றி வருவார்கள்.* உப்புக் காற்றில் சொரூபத்தின் பெயின்ற் உரிந்துகொண்டே இருக்கும். ஒரு வருடம், வழமையாகப் பெயின்ற் அடிக்க வரும் ஆள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்குப் பரிசு எடுத்தவள் என்ற ஒரே தகுதியில் கோயில் சபைத் தலைவர் பேர்னாட் மாமா அந்த வேலையை டினுஷாவிடம் கொடுத்தார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது.

அவள் சொரூபத்தை வீட்டு மேசையில் வைத்து, முன்னால் கதிரை போட்டு, நேருக்கு நேர் இருந்து இரண்டு கிழமை வேலை செய்தாள். கண்ணுக்கு மட்டும் நான்கு நாள். முடிந்தபோது இராயப்பர் அவளை நேராகப் பார்த்தார். கன்னம், தாடி, கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி, எல்லாம் உயிரோடு இருந்தன. தாய் செபஸ்தியம்மா பார்த்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டாளாம்.

திருநாள் வந்தது. எட்டுப் பேரும் தூக்கினார்கள். இராயப்பர் ஆறடி உயரத்துக்கு மேல் போனார். சனம் நிமிர்ந்து பார்த்தது. இராயப்பர் சனத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய தலைக்கும் மேலால், தூரத்தில், எதையோ கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு போனார். மெழுகுதிரியோடு நின்ற பெண்கள் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறி நின்று பார்த்தார்கள். ஒருத்தருக்கும் அவருடைய பார்வை கிடைக்கவில்லை. செபம் குழம்பியது. பேர்னாட் மாமா கிறுகி, சொரூபத்தின் கண் போன திக்கைப் பார்த்தார்.

"டினுஷா," என்றார், முழு ஒழுங்கைக்கும் கேட்க. "இராயப்பர் ரெலிபோன் டவரப் பாத்துக்கிட்டுப் போறார் கா."

அன்றிலிருந்து அவள் டவர் டினுஷா. கடைக்குப் போனால் டவர் டினுஷா. பஸ்ஸில் யாராவது கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, "இஞ்ச சிக்னல் இல்ல, டினுஷாவக் கூப்பிடுங்க" என்பான். ஒரு வருடம் முழுக்க.

அழுதாளா? நான் கேட்டேன். இல்லையாம். அவளுக்குக் கோபம். சனத்தில் இல்லை. தான் நான்கு நாள் இருந்து கண் வைத்த அந்தக் கதிரையில்.

அடுத்த வருடம், கேட்பதற்கு முன்னாலேயே கோயிலுக்குப் போய்ச் சொரூபத்தைத் தூக்கி வந்தாள். இந்த முறை மேசையில் வைக்கவில்லை. அலுமாரிக்கு மேல் வைத்தாள். நிலத்தில் குந்தியிருந்து அண்ணாந்து பார்த்தாள். ஸ்ரூலில் ஏறி ஒரு புள்ளி வைத்தாள். இறங்கிக் குந்திப் பார்த்தாள். சரியில்லை. ஏறி அழித்தாள். இறங்கினாள். குசினிக்குள் இருந்து செபஸ்தியம்மா, இந்த வீட்டில் முட்டை போட இடம் தேடும் கோழி ஒன்று ஏறி ஏறி இறங்குகிறது என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள்.

கண்மணியை ஒரு நெல் அகலம் கீழே இறக்க வேண்டும். அது போதாது. மேல் இமையையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பயந்தவர்போல இருப்பார். அதுவும் போதாது. சனம் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் நிற்கும், ஆகவே இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. இதையெல்லாம் அவளுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அலுமாரியும் ஸ்ரூலும் அவளுடைய கழுத்தும் சொல்லித் தந்தன.

அந்தத் திருநாளில் பேர்னாட் மாமா முன்னால் பாடிக்கொண்டு போனவர், ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டை விட்டுவிட்டார்.

"இப்ப என்னையே பாக்கார் புள்ள," என்றார். "நான் பூசைக்கு வராத ஞாயிறெல்லாம் அவருக்குத் தெரியும் போல."

* சொரூபம் என்ற சொல்லையே நான் டினுஷாவிடம்தான் பழகினேன். நான் சித்தாண்டி ஊர்க்காரி. எங்கள் முருகன் வேறு வழியால் வீதிவலம் வருவார். முதல் நாள் 'சிலை' என்று சொல்லிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

4.

இதுதான் அவளுடைய தூண்டுதல். ஒரு பிழை, ஒரு பட்டப்பெயர், ஒரு ஸ்ரூல்.

இதை எழுதிக் கொடுத்தால் யாருக்கும் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன், யோசிக்க யோசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்களிடமிருந்து வேலை வேண்டாம், காயம் வேண்டும். வேறு ஊரில் ஒருவன் குதிரை செய்தால், எந்தக் கல், எந்த உளி, எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தி குதிரை செய்தால், உங்கள் வீட்டில் யார் செத்தது என்று கேட்பார்கள். யாராவது செத்திருப்பார்கள்தான். இங்கே யார் வீட்டில் சாகவில்லை? அதற்காக நாங்கள் தேய்த்துத் தேய்த்துத் திருத்திப் பழகியதெல்லாம் சும்மா தானாக ஊறி வந்த கண்ணீரா?

எனக்கும் இது நடந்தது. பல்கலைக்கழகத்தில் என் சிறுகதைக்குப் பரிசு கிடைத்தபோது அறிவிப்பாளர் என்னை அழைத்த விதம்: "வட்டையில் கூலிக்கு நெல் வெட்டிய அழகரத்தினத்தின் மகள், சேற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் எழுதுகிறாள்." அப்பா சபையில் இருந்தார். என் கலியாணத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கதையைப் பதினொரு தரம் திருப்பி எழுதினேன். சேற்றில் வைத்து எழுதவில்லை. நூலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, அழிறப்பரோடு எழுதினேன்.

ஆகவே எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

5.

[இந்தப் பகுதியை மூன்று தரம் வெட்டினேன். திரும்பப் போட்டிருக்கிறேன்.]

டினுஷா கண்காட்சிக்கென்று தானே ஒரு இராயப்பர் செய்தாள். மூன்றடி உயரம், சாந்து. கையில் வழமையான மோட்சத்துத் திறப்புக்கு, அந்தச் சாவிக்கு, பதிலாகத் தோளில் வீச்சு வலை. அலுமாரிக்கு மேல் வைத்துத்தான் கண் வைத்தாள், ஒன்பது வருடமாக அவளுக்கு வேறு விதமாகக் கண் வைக்கத் தெரியாது. மண்டபத்தில் அதை இடுப்பளவு மேசையில் வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மேர்வின் சேர் முன்னால் நின்று பார்த்தார். நேருக்கு நேர் நின்றால் அந்த இராயப்பர் நிலத்தைப் பார்க்கிறார். இமை பாதி மூடியிருக்கிறது. ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

"என்ன சோகம்," என்றார் மேர்வின் சேர்.

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். சேர், அது சோகமில்லை, உயரம் பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அவள் வீட்டில் யாராவது இல்லாமல் போனார்களா என்று அவர் கேட்டதற்கு, ஓம் சேர், சுனாமியில் ஒரு தம்பி, நாலு வயது, பெயர் ஜெராட் என்று சொன்னேன். டினுஷா என்னிடம் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னது அது. அந்தப் பெயரைத் தன் தாய் அதற்குப் பிறகு வாயால் எடுத்ததே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னவள்.

விளக்கப் பலகைக்கு நான் எழுதிய வசனம்: "இந்தக் கண்கள், கடல் கொண்டுபோன தம்பி ஜெராட்டை இன்னும் தேடுகின்றன."

நல்ல வசனம். அதுதான் வெட்கம். எழுதி முடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

6.

பலகையைப் பார்த்த அன்று டினுஷா என் மேசைக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"வடிவா எழுதியிருக்காய் ஆர்த்தி," என்றாள். "ஆரப் பத்தி?"

நான் ஏதோ சொன்னேன். தெரிவுக்குழு இந்த வசனத்தைப் படித்துவிட்டுத்தான் உன் பெயரை முதலாவதாக வைத்திருக்கிறது என்று. அது உண்மை. இதைக் கழற்றினால் கொழும்பு இடம் போகும், மேர்வின் சேர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார் என்று. அதுவும் உண்மை. அந்த இடம் அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். வெண்கலம் வார்ப்பது எப்படி என்று யாரையாவது நேரில் கேட்க வேண்டும் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

"தொடக்க விழாவுக்கு அம்மா வாறா," என்றாள். "அவக்கு வாசிக்கத் தெரியும்."

பிறகு கேட்டாள்: "சோறு தின்னாமக் கெடந்து படிச்ச பிள்ளையெண்டு உன்னச் சென்னா உனக்கு எப்பிடி இரிக்கும்? அது உண்மைதானே?"

பலகை இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"அது ஒன்ட வசனம். நீயே பாத்துக்க. எனக்கு மேடையில என்ன கேட்டாலும் நான் பாத்துக்குவன்."

7.

முடிவுகள்.

முதலாவது: டினுஷா மேடையில் ஏறி, தம்பியை நினைத்து— [அவள் கொழும்பு போகிறாள். தாய் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். இது நடக்கக்கூடியது. அதனால்தான் எழுத விருப்பமில்லை.]

இரண்டாவது: டினுஷா பலகையைப் பிய்த்து இரண்டாக உடைத்து எறிகிறாள். [அவள் ஒன்றையும் உடைக்கிறவள் இல்லை. உடைத்து எறிய ஆசைப்பட்டது நான். என் கோபத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் ஒளியப் பார்க்கிறேன்.]

மூன்றாவது: மேர்வின் சேர் மனம் திருந்தி— [சிரிப்பு வருகிறது.]

8.

நடந்ததை, நடந்தது வரைக்கும் சொல்கிறேன்.

பின்னேரம் நாலு மணி. செபஸ்தியம்மா திருநாளுக்குக் கட்டும் சேலையில் வந்தாள். மற்றச் சிற்பங்கள் ஒன்றையும் பார்க்காமல் நேராக மகளுடைய இராயப்பருக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கப் பலகை அவளுக்கு வலப்பக்கச் சுவரில். நான் போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டேன், முதுகால் மறைத்து. இரட்டைப் பக்கம் ஒட்டும் ரேப்பில் ஒட்டிய பலகை. ஒரு மூலை கிளம்பியிருந்தது என் முதுகுக்குத் தெரிந்தது.

செபஸ்தியம்மா சொரூபத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இதென்ன, நிலத்தப் பாக்கார்?" என்றாள். "என்னத்தத் துலைச்சவர்?"

அவள் மேசையின் உயரத்தைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பளபளக்கும் நிலத்தில், அத்தனை பேருக்கும் நடுவில், சப்பணம் போட்டு இருந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

மேர்வின் சேர் ஓடி வந்தார், அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதாக்கும் என்று. கதிரை கொண்டுவரச் சொன்னார்.

"எனக்கு ஒண்டுமில்ல மகன்," என்றாள் செபஸ்தியம்மா. "ஒங்கட மேசதான் பதிவு, உசரம் காணாது. நீங்களும் இரிங்க, அப்பதான் பாப்பார்."

மேர்வின் சேர் குந்தவில்லை. தெரிவுக்குழு வாசலுக்கு வந்துவிட்டது. அவர் சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒலிவாங்கிக்குப் போனார். டினுஷாவின் பெயரை அழைத்தார். செபஸ்தியம்மா எழும்புவதற்கு ஒரு கை கொடுக்கச் சொல்லி என் பக்கம் திரும்பினாள்.

நான் கையைப் பின்னால் விட்டு மூலையைப் பிடித்து இழுத்தேன். பலகை சத்தத்தோடு கழன்று வந்தது, சுவரின் பெயின்ற் கொஞ்சத்தோடு. எழுத்து உள்ளே இருக்கும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையை அவளுக்குக் கொடுத்தேன். அவள் எழும்பி, வெறும் சுவரைப் பார்த்தாள். என்ன மகள் அது என்று கேட்டாள். என்னுடைய பிழை ஒன்று அம்மா என்றேன்.

மேர்வின் சேர் அங்கிருந்து பார்த்துவிட்டார். எனக்கு அடுத்த நாள் வேலை இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சரி.

டினுஷா மேடையில் நின்றாள். ஏழாவது கேள்வியை அவர் தன் வாயால் கேட்டார். உங்கள் படைப்புக்குத் தூண்டுதலாக அமைந்த துயரம் எது, சொல்லுங்கள் என்றார். அனுபவம் என்றுகூடச் சொல்லவில்லை. டினுஷா கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நெட்டி முறித்தாள். ஒலிவாங்கியை வாங்கினாள்.

அடுத்த வசனம் அவளுடையது. நான் எழுத மாட்டேன். அவளுக்காக ஒரு வசனம் எழுதி வந்த வினை போதும். அவள் சொன்னது என் காதில் இருக்கிறது, அதற்குத் தெரிவுக்குழு என்ன செய்தது என்பதும் தெரியும். அதை நீங்கள் அறிய விரும்பினால் அவளிடம் போய்க் கேளுங்கள், ஊர் ஒன்றும் தூரமில்லை. டவர் டினுஷா என்றால் பஸ்ஸில் வருகிறவன்கூடக் காட்டுவான்.

இல்லை, நீங்களே ஒரு முடிவு எழுதப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். இப்போது எங்கே இருக்கிறீர்களோ, அந்தக் கதிரையை விட்டு முதலில் இறங்குங்கள். நிலத்தில் இருங்கள். அண்ணாந்து பாருங்கள்.

அவர் யாரைப் பார்க்கிறார்?