தம்பி சாப்பிட்டானா?

அம்மா தினமும் போனில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "தம்பி சாப்பிட்டானாடி?"

"சாப்பிட்டான்மா," என்பாள் மரபணு ஆராய்ச்சி செய்யும் மகள்.

தம்பி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. தசையெல்லாம் சோர்ந்துபோகும் நோய். போவதற்கு முன் அக்காவின் ஆய்வுக்கென்று கையிலிருந்து ஒரு கிள்ளுத் தோல் கொடுத்தான். "நான்தான் நடக்கல, என் தோலாவது காலேஜ் போகட்டும்," என்று சிரித்தான், குறும்புக்காரன். அந்தத் தோலின் செல்களைத்தான் குடுவையில் வைத்து, இளஞ்சிவப்புத் திரவம் ஊட்டி அவள் வளர்த்துவந்தாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் போதும், உலகமே கரைந்துவிடும். அந்த மெல்லிய வெளிச்சத்தில் தம்பி நகர்ந்தான், நெளிந்தான், ஓயாமல் பெருகினான். மற்ற நோயாளிகளின் செல்கள் களைத்து நின்றன. இவனுக்கு மட்டும் களைப்பே இல்லை. ஏன் என்று அவள் எழுதிய கட்டுரைகள் பெயர் வாங்கித் தந்தன. பேராசிரியர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. படுத்தே கிடந்த பிள்ளை இங்கே ஓடியாடுகிறானே என்று பூரித்துப்போனாள். பாசம் கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

புதுக் கட்டுரைக்கு, செல்கள் யாருடையவை என்று சோதித்து அனுப்பச் சொன்னது ஆய்விதழ். முடிவு வந்தது. தம்பி இல்லை. ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொடக்கத்தில் ஒருமுறை அவர் லீவில் போயிருந்தபோது, பாவமே என்று அவருடைய குடுவைகளுக்கும் தன் பாட்டிலிலிருந்தே ஊட்டியிருந்தாள். குழாய் முனையில் ஒட்டிய ஒரு துளி அந்தப் பாட்டிலுக்குள் போனால் போதாதா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிட்டது.

"புதுக் கட்டுரைய விட்டுடுங்க. பழசை யாரு தோண்டப் போறா?" என்றார் மேசைக்காரர், நல்லெண்ணத்தோடுதான்.

"தம்பி பேர்ல வேற ஆளை எப்படிங்க வச்சுக்கறது?"

பழைய கட்டுரைகளையும் திரும்பப் பெற்றாள். பதவி கைநழுவியது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம்; அம்மாவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்.

"அப்ப இத்தனை நாளா யாருக்குடி சோறு போட்ட?"

"யாருக்கோம்மா."

"போகுது விடு. அதுவும் யாரோ பெத்த புள்ளைதானே." பிறகு, "நம்ம புள்ள எங்கடி?" என்றாள்.

அந்தக் கலப்புக்கு முன்பே, முதன்முதலில் தம்பியின் செல்களை உறையவைத்த சின்னக் குப்பி ஒன்று, திறக்காமலே குளிர்த் தொட்டிக்குள் கிடந்தது. அதில் உயிர் இல்லையென்றால் தம்பி எங்குமே இல்லை. எடுத்து இளக்கி, ஒரு தட்டில் ஊற்றி வைத்தாள்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் செத்து மிதந்தன. தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். ஓர் ஓரத்தில், தரையைப் பிடித்துக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருந்தது ஒரே ஒரு செல். அதற்கு ஓர் அவசரமும் இல்லை.

போன் அடித்தது. அம்மா ஊர்க்கதையெல்லாம் பேசினாள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

"அம்மா," என்றாள் இவளே. "இப்பத்தான் எழுந்தான். இன்னும் சாப்பிடல."