இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் இரண்டு அறைகள். ஒன்று, குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை. மற்றது என் ஒலிப்பதிவுக் கூடம். சுவரில் தொங்கும் பட்டியலில் யாராவது சலவைக்கு நேரம் பிடித்திருந்தால் அந்த நேரத்தில் நான் பதிவு செய்ய முடியாது. இயந்திரம் சுற்றினால் சுவரே நடுங்கும். நொர்ஷோப்பிங் நகரில் இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களின் அழுக்குத் துணியை அனுசரித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி வரை பட்டியல் காலியாக இருந்தது. புத்தகம் வாசிக்க பார்ப்ரூ வருவதாக இருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாடகர் குழுவின் தனித்தனிப் பதிவுகளான நாற்பது ஒலித்தடங்களை ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தேன். என் கணினி கிழடு, நினைவகமும் குறைச்சல். அத்தனை தடங்களைச் சுமக்க முடியாமல் ஸ்பீக்கரில் படபடவென்று பொரிந்தது. அதனால் பஃபரை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுக்கு ஏற்றினேன். ஒலியைக் கணினி எவ்வளவு சேர்த்து நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே விடுகிறது என்பதுதான் பஃபர். அளவு கூடினால் கணினிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் மைக்கில் பேசுகிறவருக்குத் தன் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கும். கலக்கும்போது ஏற்று, பதிவு செய்யும்போது நூற்றிருபத்தெட்டுக்கு இறக்கு. இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்கிற பாடம் இது. மறுநாள் காலையில் நான் இறக்க மறந்தேன்.

பார்ப்ரூ எட்டரைக்கு ஏலக்காய் பன் பொட்டலத்தோடு வந்தாள். இருபது வருடமாக என்னிடம்தான் ஒலிப்புத்தகங்கள் வாசிக்கிறாள். பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார்கள். இடது உதட்டோரம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பதிப்பகத்தார் ஒரு நாவல் கொடுத்து, மூன்று அத்தியாயம் வாசித்து அனுப்புங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். இருபது வருடம் வாசித்தவளுக்குப் "பார்க்கலாம்."

"என்ன ரூனே, எனக்கு வியாதியா உனக்கு வியாதியா? மூஞ்சில சவக்களை தட்டுது," என்றாள்.

"தூக்கம் இல்ல. காபி குடிக்கிறியா?"

"அப்புறம். நாக்கு நல்லா இருக்கும்போதே ஆரம்பிச்சுடுவோம்."

தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மைக் முன்னால் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் வரி: பனி உருகுமுன்பே பாதிரியார் படகை விற்றுவிட்டார்.

"பனி உருகு... உருகுமுன்பே பா... பாதிரி..."

வாசிப்பவர் தடுக்கினால் நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஒலியை ஒரு வாக்கியம் பின்னால் இழுத்து ஓடவிடுவோம். அவர் அதைக் கேட்டுக்கொண்டே சரியான இடத்தில் சேர்ந்துகொள்வார். தப்பைப் பற்றிப் பேச்சே கிடையாது. அதுதான் மரியாதை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இழுத்தேன். மறுபடி தடுக்கினாள். இழுத்தேன். சொற்களை ரப்பர் மாதிரி நீட்டினாள், ஒரே அசையை இரண்டு முறை சொன்னாள், நடுவில் நின்றே போனாள். முதல் பக்கத்துக்குள் பதினோரு தடவை. ஸ்பீக்கரில் கேட்கும் எனக்குத் தாமதம் எப்படித் தெரியும்? தடுமாறும் ஒரு கிழவியின் குரல்தான் கேட்டது. உள்ளதைச் சொன்னால், எனக்கு இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. ஒரு மணிக்கு மூன்றாம் மாடிக்காரர் சலவைக்கு வந்துவிடுவார். அப்புறம்தான் இரக்கம். முடிந்தது, இவள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினாள்.

"யாருக்கு?"

"பதிப்பகத்துக்கு. வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டேன்."

ஃபிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றினேன். வேறென்ன செய்ய? பன்னைப் பிய்த்தபடி அவள் பேச ஆரம்பித்தாள்.

"ஆறு மாசம் ரூனே. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ணு முன்னாடி உக்காந்து, நாக்கை நீட்டு, மடக்கு, கன்னத்தை உப்புன்னு குரங்காட்டம் ஆடினேன். பூனைக்கிட்ட செய்தித்தாள் வாசிச்சுக் காட்டினேன், அதுவே எந்திரிச்சுப் போயிடுச்சு. எல்லாம் எதுக்கு? ஒரு பாதிரியாரும் அவரோட ஓட்டைப் படகும் என்னைக் கவுத்துப் போடவா? உன் காபி வேற, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு!"

ஒரு இடத்தில்கூட நாக்கு சிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன். ஹெட்போன் இல்லாமல் பேசுகிறாள், மழை மாதிரி கொட்டுகிறது. எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். 2048.

நேற்று ஏற்றியதை நான் இறக்கவே இல்லை.

"பார்ப்ரூ, உன் நாக்குல ஒண்ணும் இல்ல. செட்டிங் தப்பு. உன் குரலே உனக்கு லேட்டா கேட்டிருக்கு. யாரா இருந்தாலும் திக்கும்."

"பாவம் பாக்குறியா? அந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்."

"சத்தியமாச் சொல்றேன்."

"எல்லாரும்தான் சத்தியம் பண்றீங்க. டாக்டரும் பண்ணினாரு."

சொல்லிப் புண்ணியமில்லை. நானே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். "என் நாற்காலியில உக்காரு. சிவப்புப் பொத்தானை அமுக்கு."

அமுக்கினாள்.

"பனி உரு... உருகு... பா... பாதிரி..." என் குரல் எனக்குப் பின்னால் ஓடிவந்து என் வாயைப் பொத்தியது. "பாதிரியார் ப... ப..."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்ப்ரூ சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

இடம் மாறினோம். நூற்றிருபத்தெட்டுக்கு இறக்கினேன். பனி உருகுமுன்பே பாதிரியார் படகை விற்றுவிட்டார் என்றாள், மூன்றரைப் பக்கம் நிற்காமல் போனாள். உதட்டோரம் இறங்கியதில் குரலுக்கு ஒரு புதுக் கரகரப்பு வந்திருந்தது. பழையதைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அப்புறம் உள்ளிருந்தே பதிப்பகத்துக்கு போன் செய்தாள். "நான் அனுப்பினதை மறந்துடும்மா. மெஷின் கோளாறு. வெள்ளிக்கிழமை மூணு அத்தியாயமும் வரும்." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "ஆமா, மெஷின்தான்," என்று சொல்லி போனை வைத்தாள்.

அவள் ஹெட்போனுக்குப் பேசும் பொத்தானை அமுக்கினேன். "மெஷின்ல ஒண்ணும் இல்ல பார்ப்ரூ. நான்தான் மறந்துட்டேன்."

"தெரியும். மறக்கறது எல்லாருக்கும் வரும்." தாளைச் சரிசெய்தாள், என்னைப் பார்க்கவில்லை. "ஆனா பதினோரு தடவை பின்னால இழுத்தியே. ஒரு தடவைகூட மெஷினைப் பாக்கணும்னு உனக்குத் தோணலையா?"

இருபது வருடமாகக் கேட்ட குரலைத்தான் நான் முதலில் சந்தேகித்திருந்தேன். பேசும் பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்து, திரையில் 128 இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, பதிவை ஓடவிட்டேன்.