புதன்கிழமை மட்டும் வெள்ளை

தூக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் பாதி வகுப்பு தூங்கிவிடும் என்று அறிவியல் ஆசிரியைக்குத் தெரியும். அதனால் பாடமே நடத்தவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கட்டம் போட்ட காகிதத் துண்டுகளைக் கொடுத்தார். ஒரு கட்டம் இரவின் ஒரு மணி நேரம். தூங்கிய நேரத்துக்கு நீலம் தீட்டி, தினமும் காலையில் வகுப்புச் சுவரில் முந்தின இரவின் கிழமை வரிசையில் ஒட்ட வேண்டும்.

முதல் வாரம் சுவர் முழுக்க நீலம். பிள்ளைகளோ ஒருவர் மாற்றி ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

குட்டு உடைந்தது இரட்டைச் சகோதரிகளால்தான். அக்காக்காரி பளிச்சென்ற நீலத்தை ஒட்டியதும், அதே அறையில் படுக்கும் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"பொய், மிஸ்! போர்வைக்குள்ள போனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தா. என் தூக்கமும் போச்சு."

"'எனக்கும் காட்டுடி'ன்னு எட்டிப் பாத்தது யாராம்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டார்.

"நல்லா தூங்கினதுக்கு மார்க் கிடையாது. உள்ளதை உள்ளபடி போட்டா போதும். என்னுதையும் ஒட்டறேன்."

மறுநாள் அவர் ஒட்டிய துண்டில் பாதிக்கு மேல் வெள்ளை. அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கூச்சம் விட்டுப்போனது. சுவர் திட்டுத்திட்டாக மாறியது. சகோதரிகள் யாரும் சொல்லாமலே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மற்ற நாட்கள் எப்படியோ, புதன்கிழமை வரிசை மட்டும் வெளேரென்று இருந்தது.

"ஏன் இப்படி?" என்றார் ஆசிரியை.

"வியாழக்கிழமை காலையில கணக்கு டெஸ்ட், மிஸ்" என்றாள் தங்கை, மெதுவாக.

கணக்கு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் முட்டை சார். முட்டை போடுவதில் அவருக்குக் கை தாராளம். அவரை அழைத்துவரச் சகோதரிகளை அனுப்பினார் ஆசிரியை. 'நீ பேசு', 'நீதானே பெரியவ' என்று வழியெல்லாம் இடித்துக்கொண்டே போய், எப்படியோ கூட்டிவந்துவிட்டார்கள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு கிட்டப் போய், புதன்கிழமை வரிசையில் விரல் வைத்து எண்ணினார்.

"தூங்காமயா என் டெஸ்ட்டை எழுதறீங்க?"

"ஆமா, சார்."

"அந்தக் கலக்கத்துலதான் கூட்டச் சொன்னா கழிச்சு வெச்சீங்களா?"

"எல்லாத்துக்கும் தூக்கத்தைக் குத்தம் சொல்ல முடியாது, சார்" என்றாள் அக்காக்காரி.

முறைக்கத்தான் பார்த்தார். முடியாமல் சிரித்துவிட்டார்.

"சரி. புதன்கிழமை கடைசி பீரியட்ல வந்து உக்காந்துக்கறேன். சந்தேகத்தை எல்லாம் அங்கேயே கேட்டுத் தீத்துக்கணும். ராத்திரி யாராவது கணக்குப் புத்தகத்தைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!"

இப்படி ஒரு மிரட்டலை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. கைதட்டல் பக்கத்து வகுப்பு வரை போனது.

சில வாரங்களில் புதன்கிழமையும் நீலமானது. மதிப்பெண்ணும் ஏறியது. "எல்லாம் நம்ம புது பயிற்சி முறைதான்" என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தார் கணக்கு ஆசிரியர். அறிவியல் ஆசிரியை பத்தாம் வகுப்புக்கும் காகிதத் துண்டுகளை வெட்ட ஆரம்பித்தார்.