டெல்மரின் தோள் அளவு

டெல்மர் உள்ளே வரும்போது கதவு நிலையில் வலது தோளை நன்றாக இடித்துக்கொண்டார். இருபது வருடமாக வந்துபோகிற கதவு. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி வழுக்கிவிட்டிருக்கும் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி, காதுகளைத் தேய்த்து விட்டுக்கொண்டு, தீவன மூட்டைகளையும் முள்கம்பிச் சுருள்களையும் தாண்டி, நேராகத் துப்பாக்கி கவுண்ட்டருக்கு வந்தார். வெளியே அவருடைய பிக்கப் வண்டி ஓடிக்கொண்டே நின்றது. எங்கள் ஊரில் மார்ச் மாதத்துக் குளிரில் எவரும் எஞ்சினை அணைப்பதில்லை. வழக்கமாக வண்டியின் மூக்கு எங்கள் கண்ணாடியைத் தொடுகிற மாதிரி நிறுத்துவார். இன்றைக்குப் பின்னால் எடுத்து, வாலைக் கடைப்பக்கம் காட்டி நிறுத்தியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வண்டியின் பின்கதவும் வெள்ளைப் புகையும் மட்டும் தெரிந்தன.

"என்ன சம்பந்தி, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. என் மகள் மெலனி அவர் மகன் கர்ட்டை விட்டுவிட்டு வந்த பிறகு, மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் டெல்மர் ரொட்டிப் பக்கம் திரும்பிவிடுவார். நான் பால் பக்கம் போய்விடுவேன். சர்ச்சில் அவர் முன் வரிசை, நான் கடைசி வரிசை. சிறிய ஊரில் விரோதத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும், நாங்கள் அதைச் சரியாகவே கடைப்பிடித்து வந்தோம். இப்போது அவராக வந்து சம்பந்தி என்கிறார் என்றால் ஏதோ வேண்டியிருக்கிறது.

எனக்குச் சந்தேக புத்தி என்பது முதலாளி வேர்னின் தீர்மானம். லைசென்ஸ் இருந்தால் விற்க வேண்டியதுதானே லோர்னா, அவன் மூஞ்சியை ஏன் படிக்கிறாய் என்பார். துப்பாக்கி விற்கிற இடத்தில் மூஞ்சியைப் படிக்காதவர்கள் ஐஸ்கிரீம் விற்கப் போகலாம் என்பது என் தீர்மானம். கனடா அரசாங்கம் சில வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்த இந்த மூன்று வருடத்தில் ஊருக்கே சந்தேக புத்தி வந்துவிட்டது, அது வேறு கதை. புதிதாக ஒருவர் வந்து விலை கேட்டால் வேர்னே அவரை அரசாங்கத்து ஆளோ என்று பார்க்கிறார். வருகிறவர்களும் அடுத்த தடைப் பட்டியலில் எது எது போகும் என்று, எனக்குத் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து ரகசியமாகத் தகவல் வருகிற மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

"என் கறுப்புத் துப்பாக்கி பெட்டிக்குள்ள சும்மா கிடக்கு. வெளிய எடுக்கக் கூடாது, விக்கக் கூடாது. பொணத்த வீட்டுல வச்சிருக்க மாதிரி இருக்கு" என்றார் டெல்மர். "அதுக்குப் பதிலா சட்டத்துக்குள்ள என்ன இருக்கு? தானா அடுத்த குண்டு ஏறணும். நரிங்க ஒண்ணா வரல, கூட்டமா வருதுங்க."

"ஆடுங்க குட்டி போடுற காலமாச்சே."

"போன வாரம் மட்டும் ஒம்போது குட்டி போச்சு. காலைல போய்ப் பாத்தா காது மட்டும் கிடக்கு."

அது உண்மையாகத்தான் இருக்கும். ஆட்டுக்குட்டி விஷயத்தில் டெல்மர் பொய் சொல்ல மாட்டார். மூன்று துப்பாக்கிகளை எடுத்து ரப்பர் விரிப்பின் மேல் வைத்தேன். முதலாவது மரக்கட்டை வைத்த பழைய ருஷ்யத் துப்பாக்கி. கிழடு, ஆனால் கெடாது. தோளில் வைக்கிற பின்கட்டை குட்டை, டெல்மரைப் போன்ற குள்ளமான ஆளுக்குத் தைத்த சட்டை மாதிரி உட்காரும். இரண்டாவது இஸ்ரேல்காரர்கள் செய்த கட்டையான ஒன்று, குண்டு ஏறும் இடமே பின்னால் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது செக் நாட்டுத் துப்பாக்கி. தடை செய்யப்பட்டதற்குக் கிட்டத்தட்ட தம்பி. அதே எடை, அதே மாதிரி பின்கட்டையைப் படிப்படியாக இழுத்து நீட்டிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ஐந்து குண்டுக்கு மேல் போடக் கூடாது என்றேன். அது தெரியாத ஆளா நான் என்கிற மாதிரி கையை வீசினார்.

"இதுல எது இடது கைக்கு ஒத்துவரும்?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். டெல்மர் வலது கைக்காரர். அவருடைய கறுப்புத் துப்பாக்கியையும் நான்தான் விற்றேன். அன்றைக்கு அவர் வலது தோளுக்கு அளவு பார்த்து, பின்கட்டையை முதல் படியில் வைத்துக் கொடுத்தேன். பெண்பிள்ளைக்கு வைக்கிற அளவு என்று வேர்ன் கேலி செய்ய, டெல்மரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தக் குடும்பத்தில் இடது கைக்காரன் ஒருவன்தான். மெலனியின் வலது கன்ன எலும்பில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிரே நிற்கிறவளுடைய வலது கன்னம் உடைய வேண்டும் என்றால் அடித்த கை எந்தக் கை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வருடத்துக்குக் கர்ட் எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது, மெலனி வேலை செய்கிற தெருவுக்கே வரக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மெலனி வேலை செய்வது எங்கள் கடைக்கு எதிரே, பல் ஆஸ்பத்திரியின் முன் மேசையில். ஜன்னல் வழியாக நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அங்கே பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. கர்ட் வட பக்கத்து எண்ணெய் வயல்களில் இருப்பதாகப் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்றும் பேச்சு.

"இடது கையா? யாருக்கு?" என்றேன்.

டெல்மர் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. கவுண்ட்டரின் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வலது கண்ணு போச்சு. சர்க்கரை. உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, இப்ப பழுப்பா ஒரு திரைதான் தெரியுது. வெளிய தெரிஞ்சா டிரைவிங் லைசென்ஸப் பிடுங்கிடுவானுங்க. இடது தோள்ல வச்சு, இடது கண்ணால பழகணும். வேற வழியில்ல."

நல்ல கதை. தேவைக்கு ஏற்ற கதை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் செக் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு குண்டுப் பெட்டியை எடுத்து அவருடைய வலது பக்கமாக, காதுக்குப் பக்கத்தில், சத்தம் இல்லாமல் நீட்டினேன். அசையவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். இமைகூட ஆடவில்லை. அவர் இடது பக்கம் திரும்பி, "என்ன லோர்னா, பேச்சையே காணோம்?" என்று என்னைத் தேடினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த வயதில் ஒரு மனிதன் கண் போனதைச் சொல்கிறான், நான் அவன் காதோரம் பெட்டியை ஆட்டி வித்தை காட்டிக்கொண்டிருக்கிறேன். வரும்போது அவர் கதவில் இடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. பிள்ளை செய்ததற்கு அப்பாவைத் தூக்கில் போட முடியுமா? மெலனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசல்வரை வந்து, உள்ளே வரத் தைரியம் இல்லாமல், ஒரு தட்டு பெரோகிக் கொழுக்கட்டையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனவர் இவர்.

"இதுதான் உங்களுக்குச் சரி" என்று செக் துப்பாக்கியின் பின்கட்டையை முதல் படியில் வைத்துக் கொடுத்தேன். "ரெண்டு கைக்கும் ஒத்துவரும். காலித் தோட்டா மூஞ்சில தெறிக்காது. வச்சுப் பாருங்க."

இடது தோளில் வைத்தார். முதலில் தடுமாறினார், எந்தக் கை எங்கே என்று கைகளே மறந்துபோன மாதிரி. பிறகு கன்னம் கட்டையில் படிந்தது. கச்சிதமாக இருந்தது. லைசென்ஸை வாங்கி, கம்ப்யூட்டரில் அனுமதி எண்ணுக்கு விவரங்களைத் தட்ட ஆரம்பித்தேன்.

டக், டக், டக் என்று சத்தம் கேட்டது. டெல்மர் துப்பாக்கியை இறக்கி, பின்கட்டையை ஒவ்வொரு படியாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் அது நின்றது. இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கு மேல நீளாதா?"

தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்தேன். அந்த நீளத்தில் டெல்மரின் விரல் விசைக்கு எட்டவே எட்டாது. ஆறடி மூன்று அங்குலத்துக்கு, நீண்ட கைகளுக்கு, அது சரியான நீளம். கல்யாணக் கோட்டு வாங்கப் போனபோது கர்ட்டின் கைக்குச் சட்டை கிடைக்காமல் நாங்கள் எல்லோரும் நகரத்தில் நாலு கடை ஏறி இறங்கினோம்.

"டெல்மர், சுடப்போறது யாரு?"

அவர் துப்பாக்கியை விரிப்பின் மேல் மெதுவாக வைத்தார். "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு நான் இருட்டுல நரியவா சுட முடியும்? பழகணும்னு சொன்னேன். பழகுறதுக்குள்ள மந்தையே காலியாயிடும்."

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல."

"அவன் இப்ப குடிக்கிறதில்ல, லோர்னா."

நான் யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது அவருக்கும் அந்த நொடியில் உறைத்திருக்க வேண்டும். தொப்பியை எடுத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். "ஆட்டுக்கு மட்டுந்தான். பெட்டிச் சாவி என் இடுப்புலதான் இருக்கும். அவனும் மனுசன்தானே. அவளப் பத்தி தினம் கேக்குறான், தெரியுமா? தப்பா ஒண்ணும் கேக்கல. எப்படி இருக்கா, எத்தன மணிக்கு வேல முடியுது, இவ்வளவுதான்."

அவர் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். சத்தியமாக ஆறுதலாகத்தான் சொன்னார்.

திரையில் அனுமதி எண் வந்துவிட்டிருந்தது. விவரம் தட்டும்போதே பழக்கத்தில் கடைசிப் பொத்தானையும் அழுத்தியிருக்கிறேன். அரசாங்கத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரி, டெல்மரிடம் ஒரு குறையும் இல்லை. திரை அவருடைய வலது பக்கம், ஓர் அடி தூரத்தில் பச்சையாக மின்னியது. அவருக்குத் தெரியவில்லை.

"லைன் கிடைக்கல" என்றேன். "இன்னைக்கு ஆகாது."

இடது கண்ணால் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் தெரியும். "சரி. சாயங்காலத்துக்குள்ள பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்க்கிறேன். அங்க ஒண்ணு இருக்கு, போன் பண்ணிக் கேட்டுட்டேன்" என்றார். "முதல்ல உங்ககிட்டதான் வந்தேன் சம்பந்தி. அத மறந்துடாதீங்க."

எதற்காக முதலில் என்னிடம் வந்தார்? இந்தத் தெருவுக்கு, இந்தக் கடைக்கு, இவ்வளவு நேரம்? போகும்போதும் அதே நிலையில், அதே தோளை இடித்துக்கொண்டார். பனியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தார். அப்போதுதான் நான் கேட்காமல் விட்ட கேள்வி எனக்கு உறைத்தது. ஒற்றைக் கண்ணோடு, முப்பது கிலோமீட்டர் ஐஸ் ரோட்டில், இந்த வண்டியை ஓட்டிவந்து, இவ்வளவு நேர்த்தியாகப் பின்னால் எடுத்து நிறுத்தியது யார்?

போனைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினேன். டெல்மர் வண்டியின் வலது பக்கம் சுற்றிப்போய், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். இடது பக்கத்தில், ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்தில், அந்தக் குளிரிலும் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. ஒரு நீண்ட முழங்கை ஜன்னல் விளிம்பில் சாய்ந்திருந்தது.

எதிரே பல் ஆஸ்பத்திரியின் கதவு திறந்தது. மெலனி ஐஸை உருக்கும் உப்பு வாளியோடு வெளியே வந்து, தலையைக் குனிந்தபடி, படிகளில் ஒவ்வொரு பிடியாகத் தூவ ஆரம்பித்தாள். முடி விழுந்து அந்தக் கன்னம் மறைந்திருந்தது. அவள் நிமிரவில்லை. வண்டி புகைவிட்டுக்கொண்டே நின்றது. அந்த முழங்கை விளிம்பிலிருந்து அசையவே இல்லை.