அத்தைக்குத் தெரியாத மொழி

செத்துப்போன மாமியாருக்குப் பயந்து ஒருத்தி ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவளும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் எதையும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வாய்தவறி யாராவது சொல்லிவிட்டால் உள்ளறையிலிருந்து மாமியார் தொண்டையைச் செருமுவாள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவளைக் குறை சொல்லவும் முடியாது. தலைச்சன் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு, என்னைப்போலக் கொடுத்துவைத்தவள் உண்டா என்று ஒரு நாள் சொன்னாள். அந்த வாரமே பிள்ளையைப் பறிகொடுத்தாள். சூடு கண்ட பூனை.

வீட்டிலேயே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிற டீச்சர் மருமகள் இதையெல்லாம் நம்பவில்லை. முதல்முறை உண்டானபோது, சந்தோஷமாக இருக்கிறேன் என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள். அந்தக் கரு தங்கவில்லை. மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால் தேவலாம்.

மாமியார் போன பிறகு மறுபடி உண்டானாள். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, துடிப்பு நன்றாக இருக்கிறதாம் என்று கணவனிடம் சொன்னாள். பூட்டிய உள்ளறையில் யாரோ செருமினார்கள். அவன் காதிலும் விழுந்தது. கல்லுளிமங்கன், கதவுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். முடிப்பதற்குள் செருமல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரித்தபடியே இத்தனை வருஷப் பாடத்தையும் கேட்டவள் அல்லவா மாமியார். காசு கொடுத்துப் படித்த பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு ஏறவில்லை.

அப்போதுதான் போனில் அந்தப் பாடம் கிடைத்தது. இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு, பிடித்ததையும் ரசித்ததையும் ஸ்பானிஷில் சொல்லிக்கொடுக்கிற பாடம். 'எனக்குப் பிடிக்கிறது' என்ற அமைப்பை விளக்க அந்த வாத்தியார் படாத பாடு பட்டார். நமக்கு அதில் என்ன கஷ்டம், தமிழிலும் அதே அமைப்புதானே? மே குஸ்தா, பிடித்திருக்கிறது. மே என்காந்தா, ரொம்பவே பிடித்திருக்கிறது. வெந்நீரை முதுகில் ஊற்றிக்கொண்டு மே என்காந்தா என்றாள். செருமல் இல்லை. வெயிலில் காய்ந்த போர்வையை முகர்ந்து மே குஸ்தா என்றாள். மூச்சில்லை. வயிற்றில் பிள்ளை முதன்முதலாக அசைந்த அன்று, எஸ்தோய் ஃபெலிஸ், சந்தோஷமாக இருக்கிறேன், என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உதைத்த உதையில் எஸ்தோய் ஃபெலிஸ் என்று சத்தமாகச் சொன்னாள். உள்ளறையிலிருந்து செருமல் வரவில்லை. பழகிய குரல் ஒன்று தட்டுத்தடுமாறி, "எஸ்தோய்..." என்று சொல்லி நின்றது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் பாதியில் திக்கி நிற்கிற குரலைக் கேட்டால் டீச்சரின் கால் எங்கே ஓடும்? சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். வெறும் கட்டில், தைல வாசனை.

"சொல்லுங்க அத்தை, ஃபெலிஸ்."

"வேண்டாம்மா," என்றது குரல், காதருகில். "மெல்லப் பேசு. அதுக்கு எல்லா பாஷையும் தெரியும்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அந்தச் செருமல் அவளை அதட்டவில்லை. அவள் வார்த்தை வேறெதன் காதிலும் விழாதபடி மூடப் பார்த்திருக்கிறது. செத்த பிறகும் ஒருத்தி பயப்படுகிறாள் என்றால், அது எதுவாக இருக்கும்? வயிற்றில் அசைவு நின்றிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. பயம் முற்றி அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷி ஆயுசு முழுக்க வாயைக் கட்டினாளே, எந்தச் சாவு வராமல் போனது?

"தெரிஞ்சா தெரிஞ்சுக்கட்டும் அத்தை. எனக்கு சந்தோஷமா இருக்கு. ரொம்ப சந்தோஷமா இருக்கு."

செருமல் எழுந்தது. தொண்டை கிழிகிற மாதிரி மேலும் மேலும் வந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தி, செருமல் அடங்கும்வரை சொன்னாள்.

வேலை முடிந்து வந்த கணவன், தாய் போனதிலிருந்து மிதிக்காத அந்த அறையின் வாசலில் திகைத்து நின்றான். அவள் அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவன் உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது. அவன் முகம் மலர்ந்து வாய் திறந்தது. சுவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

"சொல்லுங்க," என்றாள். "நான் சொல்லிட்டேன். இனிமே நீங்க மட்டும் சொல்லாம இருந்து என்ன ஆகப்போகுது?"