முதுகுக்கு ஒன்றுமில்லை

சரக்குக் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரிக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் 'எச்சரிக்கை'. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் முதலில் உதிர்க்கும் சொல் அதுதான். சின்ன அடிதானே என்று மறைக்காதீர்கள், வலித்தால் உடனே வந்து சொல்லுங்கள், வெட்கம் வைத்தியத்துக்கு எதிரி என்று முழங்குவார். கேட்பவர்கள் கொட்டாவியைக் கையால் மூடிக்கொள்வார்கள்.

கிடங்கு நீளமானது. அதை நடந்து சுற்றிவருவது பதவிக்கு அழகில்லை என்று தோன்றியதால் ஒரு பந்தய சைக்கிள் வாங்கினார். அதன் இருக்கைக்கு உள்ளங்கை அகலம்கூட இல்லை. கருங்கல்லுக்கு உறை போட்டது மாதிரி இருந்தது. குனிந்து மிதிக்கும்போது தனக்கு வயது குறைந்து தெரிகிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். அப்படி இல்லை என்று அதிகாரியிடம் யார் போய்ச் சொல்வது?

ஒருநாள் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஆண்குறியின் தோலுக்கு அடியில், மேல்பக்கமாக, முறுக்கிய கயிறு போல ஒன்று தடித்துக் கிடந்தது. சுற்றிலும் லேசாகச் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுள்ளென்றது. மனிதர் வெலவெலத்துப் போனார். மதியத்துக்குள் போனில் தேடிப் படித்து, உலகத்தில் இருக்கிற கொடிய நோய்களில் பாதியைத் தனக்கு வரவழைத்துக்கொண்டார். மீதிப் பாதிக்கு நேரமில்லை. தன் இல்லற வாழ்க்கை முடிந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தீர்மானமாகத் தெரிந்தது.

டாக்டரிடம் போகவில்லை. முதலுதவிப் பெட்டியின் சாவி அவரிடம்தானே இருக்கிறது. அதைத் திறந்து, தசைவலிக்குப் போடும் தைலத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போனார். போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம். தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் நின்றார். அன்று முழுக்கக் கால்களை அகட்டி வைத்து நடந்தார்.

"என்ன மாமா, நடை ஒரு தினுசா இருக்கு?" என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி, அதே கிடங்கில் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறவன். "யாராச்சும் உங்களையும் பெட்டியோட சேத்துத் தூக்கிட்டாங்களா?"

"வேலையப் பாருடா."

வீட்டில் தைல வாசனை காட்டிக்கொடுத்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். "எங்கங்க வலி?" என்றாள்.

"முதுகு" என்றார் எச்சரிக்கை, யோசிக்காமல்.

அங்கே பிடித்தது சனி. கடையில் பகலெல்லாம் நின்று கால் கடுத்து வருகிறவள், அன்றிலிருந்து சாயந்திரம் தவறாமல் எண்ணெயைச் சூடுபண்ணி எடுத்துவந்து, "குப்புறப் படுங்க" என்றாள். எதுவுமே ஆகாத முதுகை அவள் அன்போடு அழுத்த அழுத்த, வலிக்கிற இடம் கட்டிலோடு நசுங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். "பாவம், எவ்வளவு வலிச்சா இப்படி முனகுவாரு" என்று அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

முதுகுக்குத் தரைதான் நல்லது என்று சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அவள் கை தற்செயலாக மேலே பட்டாலும் நகர்ந்துகொண்டார். அவள் புதுச் சேலை கட்டி வந்து நின்றபோது பேப்பரில் விளம்பரப் பக்கத்தை ஊன்றிப் படித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "படுங்க" என்று சொல்லவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க கடைக்கு வர்றவங்க, தெரியாத எழுத்தையும் தெரியற மாதிரியே படிப்பாங்க. மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். "உங்களுக்கு என்னைப் புடிக்காம போயிடுச்சா? அத மட்டும் சொல்லிடுங்க."

அவள் குரல் உடைந்ததும், அவர் கட்டிக்காத்த கௌரவம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"முதுகுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"பின்ன?"

சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு, பாதியை விழுங்கிவிட்டு, தைலம் பூசியது வரைக்கும் சொன்னார்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளும் நான் சும்மா இருந்த முதுகையா தேச்சேன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பரிதாபமாக.

அவள் அந்த முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே இடத்தில் கையை வைத்தபடியே அழுதாள். அழுகைக்கு நடுவே தைலத்தை நினைத்துச் சிரிப்பும் வந்துவிட்டது. "அங்க போயி யாராச்சும் அதப் பூசுவாங்களா? நீங்கதான் ஊருக்கே புத்தி சொல்ற ஆளு."

மறுநாள் அவளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கை கழுவினார். "தோலுக்கடியில ஒரு சின்ன ரத்தக்குழாய் அழுந்தி அழுந்தி வீங்கியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. சைக்கிள் ஓட்டுவீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள், "பந்தயத்துக்குப் போற மாதிரி ஓட்டுவாரு" என்றாள் மனைவி.

"நிறுத்துங்க. தளர்வா துணி போடுங்க. இளஞ்சூட்டுத் தண்ணில துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க. தைலம் கியிலம் வேண்டாம். சில வாரம் ஆகும், தானா வத்திடும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி இருங்க. காய்ச்சல் வந்தாலோ வீக்கம் கூடினாலோ உடனே வாங்க."

"தள்ளித்தான் இருக்காரு டாக்டர், கூடத்துல" என்றாள் அவள். டாக்டர் மேஜைமேல் இல்லாத எதையோ தேடினார்.

பாய் உள்ளே வந்தது. சாயந்திரங்களில் அவள் வெந்நீரில் துணியைப் பிழிந்து, முதலில் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவரிடம் கொடுத்தாள். அவர் ஒத்திக்கொண்டிருக்கும்போது அவள் கடைக் கதைகளைச் சொன்னாள். அவர் கிடங்குக் கதைகளைச் சொன்னார். எதையும் முழங்காமல் அவர் இவ்வளவு நேரம் பேசியது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல்தடவை. கயிறு நூலாயிற்று. நூல் இழையாயிற்று. நடுவில் ஒருநாள் மறுபடி தடித்த மாதிரித் தெரிந்து அவர் கலங்கினபோது, அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து விளக்கடியில் பார்த்துவிட்டு, "நேத்திக்கு இருந்த மாதிரிதான் இருக்கு. பேசாம இருங்க" என்றாள். இழையும் ஒருநாள் கையில் தட்டுப்படவில்லை.

"சரியாப் போச்சு. இனி வழக்கம்போல இருக்கலாம்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்தாள். அவர் நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"என்ன நிக்கிறீங்க?"

"பயமா இருக்கு" என்றார். வாழ்நாளில் அவர் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

"எனக்கும்தான்" என்று அவள் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். "ஒண்ணும் அவசரமில்ல. சும்மா வந்து பக்கத்துல படுங்க."